எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவருக்கான பி.எச்டி. ஃபெல்லோஷிப்: எந்தக் காகிதம், எப்போது?

வைகைக்கரை:

வணக்கம். எம்.ஏ. பொருளியல் முடித்துவிட்டு, அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியின் ஆய்வு மையத்தில் முழுநேரப் பி.எச்டி. சேரப் போகிறேன். இந்து ஆதிதிராவிடர். வரும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்கும் விண்ணப்பிக்கிறேன். ஆதிதிராவிட மாணவருக்கான தேசிய ஃபெல்லோஷிப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நெட்டில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காவிட்டாலும் இது கிடைக்குமா? சேர்வதற்கு முன்பே என்னென்ன காகிதங்களைத் தயாராக வைக்க வேண்டும்? தேர்வானபின் பணம் கைக்கு வர எத்தனை மாதம் ஆகும்? என் தோழி ஓ.பி.சி., அவளும் இதே கேள்விகளோடு இருக்கிறாள். வெளிநாட்டில் படிக்க ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஏற்கெனவே பேசிய விஷயம் என்றால் மன்னிக்கவும்.

பழையஃபைல்:

வணக்கம் தங்கச்சி. முதலில் எந்தக் கதவு யாருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

எஸ்.சி. மாணவருக்கானது, நீங்கள் கேட்ட தேசிய ஃபெல்லோஷிப், என்எஃப்எஸ்சி. பழைய ஆட்கள் இன்னும் ராஜீவ் காந்தி ஃபெல்லோஷிப் என்றுதான் சொல்வார்கள். ஆண்டுக்கு 2,000 இடம். கலை, சமூக அறிவியலுக்கு 1,500, யுஜிசி நெட் வழியாக. அறிவியலுக்கு 500, சிஎஸ்ஐஆர் நெட் வழியாக. ஓ.பி.சி.க்கு என்எஃப்ஓபிசி, 1,000 இடம், அதே முறையில் 750, 250 என்று பிரியும். எஸ்.டி.க்கு என்எஃப்எஸ்டி, 750 இடம். அதற்கு நெட் வேண்டாம், முதுகலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு, பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தனித் தளத்தில் விண்ணப்பம். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பை 2022-23 முதல் நிறுத்திவிட்டார்கள். இன்னமும் அதற்கு "அப்ளை பண்ணித் தருகிறோம்" என்று காசு வாங்கும் கடைகள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

ஜேஆர்எஃப் பட்டியலில் பெயர் வராவிட்டாலும் என்எஃப்எஸ்சி பட்டியலில் வர வாய்ப்பு உண்டு, இரண்டும் தனித்தனிப் பட்டியல். ஆனால் நெட் எழுதாமல் இது கிடையாது. வெறும் பி.எச்டி. பதிவை வைத்துக்கொண்டு நேராக விண்ணப்பிக்கிற காலம் போய்விட்டது. என்எஃப்எஸ்சிக்குக் குடும்ப வருமான வரம்பு இல்லை, முழுநேரம் மட்டும்தான். பகுதிநேரப் பதிவுக்கு ஒரு பைசா வராது.

தொகை: 2023 ஜனவரி 1 முதல் ஜேஆர்எஃப் கட்டத்தில் மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை) கட்டத்தில் 42,000. முதல் இரண்டு ஆண்டு, பிறகு மூன்று ஆண்டு. கூட்டிப் பாருங்கள்: 8,88,000 + 15,12,000. ஐந்தாண்டில் சரியாக 24 லட்சம். கன்டிஜென்சி, அதாவது புத்தகம், பயணம் போன்ற ஆய்வுச் செலவுக்கான தொகை, தனி. உங்கள் பாடத்துக்கு முதல் இரண்டாண்டு ஆண்டுக்கு 10,000, அப்புறம் 20,500. அறிவியலுக்கு 12,000, 25,000. மாற்றுத்திறனாளி என்றால் உதவியாளர், வாசிப்பாளர் படி மாதம் 2,000.

இனி காகிதம். சாதிச் சான்றிதழில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பழைய நிரந்தர அட்டை போதும் என்று இருக்க வேண்டாம். இ-சேவையில் மின்னணுக் கையொப்பமும் கியூஆர் குறியீடும் உள்ள புதுச் சான்று எடுங்கள். எடுத்தவுடன் மூன்று இடங்களைப் பாருங்கள்: உங்கள் பெயர், அப்பா பெயர், சாதிப் பெயர்.

சாதிப் பெயரில் மூன்று சிக்கல் உண்டு. ஒன்று, 2021 சட்டத் திருத்தத்தால் பள்ளன், குடும்பன், பண்ணாடி உள்ளிட்ட ஏழு சாதிகள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின்கீழ் வந்தன. பழைய சான்றில் ஒரு பெயர், புதுச் சான்றில் ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் வெவ்வேறு படிவங்களில் ஏற்றினால் சரிபார்ப்பில் நிற்கும். எல்லா இடத்துக்கும் புதியதையே கொடுங்கள். இரண்டு, அருந்ததியருக்கு மாநிலச் சான்றில் எஸ்.சி.(ஏ) என்று இருக்கும். மத்தியப் படிவத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது, எஸ்.சி. என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று, கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே எஸ்.சி. தமிழ்நாட்டில் மதம் மாறியவருக்குக் கிடைப்பது பி.சி. சான்று. இது நியாயமா என்பது வேறு விவாதம், ஆனால் நெட் படிவத்தில் எஸ்.சி. என்று போட்டுவிட்டு இறுதிச் சரிபார்ப்பில் பி.சி. சான்றை நீட்டினால் தேர்வே ரத்தாகும்.

எஸ்.டி. சான்று தாசில்தார் தருவதல்ல, கோட்டாட்சியர் தருவது. மாதக்கணக்கில் இழுக்கும். அந்தப் பிரிவு நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

கடைசியாகக் கல்லூரி. உங்கள் ஆய்வு மையம் உள்ள கல்லூரி யுஜிசி சட்டத்தின் 2(எஃப்) (அங்கீகாரம்), 12(பி) (மத்திய நிதி பெறும் தகுதி) பட்டியலில் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன் பாருங்கள். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் பெரும்பாலும் இருக்கும். சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் 2(எஃப்) மட்டும் இருக்கும். அந்த ஆண்டின் நெறிமுறை எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். கைடு நல்லவர் என்பதற்காக மட்டும் சேர்ந்துவிட்டு அப்புறம் மாற்றுவது பெரும் பாடு.

கணக்குப்பிள்ளை:

மேலே சொன்னது தேர்வாகிற வரைக்கும். பணம் நிற்பது அதற்குப் பிறகுதான், அதையும் எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம் பெயர். நம்மிடம் இனிஷியல் வழக்கம். பத்தாம் வகுப்புச் சான்றில் "முருகேஸ்வரி செ", ஆதாரில் "செல்வம் முருகேஸ்வரி", வங்கியில் "எஸ். முருகேஸ்வரி". மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. நெட் விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடிதான் பெயர் போட வேண்டும். ஆகவே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் பத்தாம் வகுப்புச் சான்றுக்கு ஏற்ப மாற்றுங்கள், தலைகீழாக அல்ல. படிவத்தில் பிழை விழுந்தால் திருத்தச் சாளரம் ஓரிரு நாள்தான் திறந்திருக்கும், அதிலும் எல்லாக் கட்டத்தையும் திருத்த விடமாட்டார்கள்.

இரண்டாவது வங்கி. பணம் ஆதார் வழியாக வரும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வராது. என்பிசிஐ (தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம்) பட்டியலில் உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்திருக்கிறதோ, அங்கே போகும். ஆதார் எண்ணைக் கணக்கில் பதிந்து வைப்பது வேறு, அந்தப் பட்டியலில் ஏற்றுவது வேறு. கிளையில் "லிங்க் ஆகியிருக்கு" என்று சொன்னால் நம்பிவிடாமல், மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பக்கத்தைத் திறந்து வங்கிப் பெயரை நீங்களே பாருங்கள்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. அது முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) இல்லாத சிறு கணக்காக இருந்தால், ஆண்டுக்கு மொத்த வரவு ஒரு லட்சம், இருப்பு 50,000 என்ற வரம்பு உண்டு. நிலுவை எட்டு மாதம் சேர்ந்து வந்தால் 2,96,000. அது உள்ளே நுழையாமல் திரும்பிப் போகும். திரும்பிப் போன பணத்தை மறுபடி வரவழைக்கக் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டும்.

நான்காவது சேர்ப்பு அறிக்கை. தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சேர்ப்பு அறிக்கையில் பி.எச்டி. பதிவுத் தேதி, முழுநேரத்தில் சேர்ந்த தேதி, ஃபெல்லோஷிப்பில் சேரும் தேதி என்று தனித்தனியாகக் கேட்பார்கள். பலர் மூன்றிலும் ஒரே தேதியைப் போடுகிறார்கள். பணம் கணக்கிடப்படுவது தேர்வுத் தேதி, சேர்ந்த தேதி இவற்றில் எது பிந்தையதோ அதிலிருந்து. பல்கலைக்கழகத்தின் பதிவு ஆணையில் உள்ள தேதியோடு ஒரு நாள் முரண்பட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். கைடு, துறைத்தலைவர், முதல்வர் அல்லது பதிவாளர் என்று மூவரின் கையெழுத்து, முத்திரை. முத்திரை எழுத்தின்மேல் விழுந்து தேதி மறைந்த ஸ்கேனை ஏற்றாதீர்கள். ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் பண்ணித் தனி கோப்பாக வைத்திருங்கள்.

ஐந்தாவது மாதாந்திர உறுதிப்படுத்தல். இந்த மாதம் இந்த ஆய்வாளர் வந்தார், வேலை செய்தார் என்று நிறுவனம் இணையத்தில் பதிய வேண்டும். இரண்டு லாகின்: ஒருவர் பதிவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். மேக்கர், செக்கர் என்பார்கள். மேக்கர் பதிந்து செக்கர் மறந்தால் அந்த மாதம் பணம் இல்லை. கல்லூரியில் இருப்பவருக்கு இதில் இன்னொரு படி கூடுதல்: ஆய்வு மையத்தின் வருகைச் சான்று பல்கலைக்கழக ரிசர்ச் செக்‌ஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே மேக்கர் யார், செக்கர் யார், அவர்கள் விடுப்பில் போனால் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். மாத இறுதியில் ஒரு வார்த்தை போய்க் கேட்டுவிட்டு வருவதற்குக் கூச்சப்படாதீர்கள். அது உங்கள் பணம்.

எத்தனை மாதம் என்று கேட்டீர்கள். நாள் குறித்துச் சொல்ல முடியாது. முதல் தவணை ஆறு மாதத்துக்கு மேலும் தள்ளிப் போகலாம் என்று வைத்துக்கொண்டு விடுதி, சாப்பாட்டுச் செலவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். நிலுவையோடுதான் வரும், ஆனால் மெஸ் பில் நிலுவையில் நிற்காது.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி. இனிஷியல் விஷயம் எனக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டு சந்தேகம். விடுதியில் தங்கினால் வீட்டு வாடகைப் படி உண்டா? தோழியின் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர், ஆண்டுச் சம்பளம் 9 லட்சத்துக்கு மேல். தாசில்தார் அலுவலகத்தில் "எட்டு லட்சத்தைத் தாண்டிடுச்சு, கிரீமி லேயர்" (ஓ.பி.சி. சலுகை இல்லாத வசதியான பிரிவு) என்று சொல்லிவிட்டார்களாம்.

தேனிக்காரி:

தோழிக்கு நான் சொல்கிறேன். அங்கே சொன்னது தவறு. நடைமுறையில் இது நிறைய நடக்கிறது.

கிரீமி லேயர் பார்ப்பது 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்தியப் பணியாளர் துறை ஆணையின்படி. அதில் அரசு ஊழியரின் பிள்ளைக்கு முதலில் பார்ப்பது பெற்றோரின் பதவி நிலை, சம்பளத் தொகை அல்ல. அப்பா அல்லது அம்மா நேரடியாகக் குரூப் ஏ-வில் (உயர் அதிகாரி நிலை) சேர்ந்திருந்தால் கிரீமி லேயர். இருவரும் நேரடி குரூப் பி என்றாலும் அப்படியே. குரூப் பி-யில் சேர்ந்த அப்பா 40 வயதுக்குள் குரூப் ஏ ஆகியிருந்தாலும் அப்படித்தான். இவற்றில் எதிலும் வராவிட்டால் மட்டுமே வருமானக் கணக்கு. அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வாடகை, வியாபாரம், வட்டி போன்ற மற்ற வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டு 8 லட்சத்தைத் தாண்டினால்தான் கிரீமி லேயர். ஆகவே அப்பாவின் பதவி எந்தக் குரூப்புக்குச் சமம் என்று பணிச்சான்று வாங்கி, அந்த ஆணையின் நகலோடு இணைத்து எழுத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லுக்கு வாய்ச்சொல்தான் பதிலாக வரும். நிராகரித்தால் காரணத்தோடு எழுதித் தரக் கேளுங்கள், அதன்மேல் கோட்டாட்சியரிடம் போகலாம்.

இன்னும் இரண்டு. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்று இதற்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்று தனியாக எடுக்க வேண்டும். அதற்கு முன் அவருடைய சாதி தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் அதே பெயரில் இருக்கிறதா என்று பார்க்கட்டும், மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாம் அங்கே இல்லை. நெட் அறிவிப்பில் எந்தத் தேதிக்குப் பின் எடுத்த சான்று என்று போட்டிருப்பார்கள், பெரும்பாலும் அந்த நிதியாண்டு. மார்ச்சில் எடுத்த சான்று ஏப்ரலில் பழசாகிவிடும்.

கல்யாணமான பெண்கள் கவனிக்க: ஓ.பி.சி. நிலை பெற்றோரை வைத்துத்தான், கணவர் வருமானத்தை வைத்து அல்ல. சான்றில் தகப்பனார் பெயர்தான் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் குடும்ப அட்டையைப் பார்த்துக் கணவர் பெயரைத் தட்டிவிடுவார்கள். சமர்ப்பிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லிப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை:

வாடகைப் படி: கல்லூரி விடுதி கொடுத்தால் கிடையாது. விடுதிக் கட்டணத்தில் மெஸ் நீங்கலான பகுதியைத் திரும்பக் கேட்கலாம். விடுதியில் இடம் கொடுத்தும் நீங்களாக வேண்டாம் என்று வெளியே தங்கினாலும் படி கிடையாது. விடுதியில் இடமில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வெளியே தங்கினால் உண்டு. விழுக்காடு மத்திய அரசு ஊழியருக்கு உள்ளதே, ஊரைப் பொறுத்தது. சென்னை மேல் வகுப்பு. கோவை, மதுரை, திருச்சி, சேலம் நடு வகுப்பு. சிறு ஊர்கள் கடைசி. படிவத்தைக் கல்லூரி மூலம் தனியாக அனுப்ப வேண்டும், தானாக வராது.

கன்டிஜென்சிக்கும் அப்படியே. புத்தகம், தட்டச்சு, களப்பணிப் பயணம் எதற்கானாலும் ரசீது உங்கள் பெயரில், தேதியோடு இருக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் மொத்தமாக பில் தேடுகிறவர்கள்தான் பாதித் தொகையை விட்டுவிடுகிறார்கள்.

அக்கரை:

வெளிநாடு பற்றி யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. அதில் 115 எஸ்.சி., 6 சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், 4 நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பம். 30 விழுக்காடு பெண்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், முந்தைய பட்டத்தில் 60 விழுக்காடு. சேரும் பல்கலைக்கழகம் கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500-க்குள். எஸ்.டி.க்குப் பழங்குடியினர் நல அமைச்சகம் தனியாக 20 பேருக்குத் தருகிறது, அங்கே வரம்பு 6 லட்சம். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டத்தில் எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் வரை உண்டு. ஒன்றை வாங்கினால் இன்னொன்று கிடையாது.

பொருளியல் படித்தவருக்கு ஓர் எச்சரிக்கை. 2022 நெறிமுறையில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த நிதி கிடையாது என்று சேர்த்தார்கள். கடும் எதிர்ப்பு வந்தது. எஸ்.சி. மாணவருக்கான நிதியில் சாதியைப் பற்றி ஆராயக் கூடாது என்பதுபோல் ஆகிவிட்டது என்பதுதான் குறை. தலைப்பை எழுதுமுன் அந்த ஆண்டின் நெறிமுறையில் இந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

நாட்டைத் தேர்வதிலும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் நல்ல பி.எச்டி. இடம் என்றால் கட்டண விலக்கும் மாதப் படியும் துறையே பெரும்பாலும் தந்துவிடும். அந்த 125-இல் ஒன்றை அங்கே கொண்டுபோவதில் லாபம் குறைவு. பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் இடம் கிடைத்தும் பணம் கிடைக்காமல் நிற்பவருக்குத்தான் இது உயிர். நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் முக்கியம். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் பாக்கி, மதிப்பெண் பட்டியல் பாக்கி என்று நிபந்தனை போட்ட கடிதத்தை நம்பி இருக்காதீர்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், அதைத் திட்டமிட்டு எழுதுங்கள். தேர்வானபின் நாடு, பல்கலைக்கழகம், பாடம் மூன்றையும் உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது.

பழையஃபைல்:

நான் விட்டதைச் சேர்க்கிறேன். இரண்டாண்டு முடிந்ததும் 42,000 தானாக ஏறாது. கைடு, துறைத்தலைவர், வெளியிலிருந்து ஒரு பாட வல்லுநர் என்று மூவர் குழு உங்கள் வேலையைப் பார்த்துப் பரிந்துரை எழுத வேண்டும். அந்த அறிக்கை போய்ச் சேரும் வரை 37,000-தான் வரும். 22-ஆம் மாதமே குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். வெளி வல்லுநருக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு.

ஃபெல்லோஷிப் ஐந்தாண்டு அல்லது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள், எது முந்தியதோ அதோடு நிற்கும். வைவா (வாய்மொழித் தேர்வு) வரை வரும் என்று நினைப்பவர்கள் உண்டு, வராது. இடையில் சம்பள வேலை, கௌரவ விரிவுரையாளர் பணி உட்பட, பார்த்தால் வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள்.

ஆதிதிராவிடர் நலத்துறை தரும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகையும் உண்டு. நெட் வழியாகத் தேர்வாகும் வரை கைகொடுக்க, அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். என்எஃப்எஸ்சி கிடைத்த தேதியிலிருந்து அதை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்து ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து வாங்கியதாகத் தணிக்கையில் வந்தால் பிரச்சினை உங்களுக்குத்தான், அலுவலகத்துக்கு அல்ல.

வைகைக்கரை:

பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் திறந்த கணக்கு, உள்பக்கத்தில் சிறு கணக்கு என்று முத்திரை இருக்கிறது. ஆதாரும் அதோடுதான் இணைந்திருக்கிறது. புதுக் கணக்கு திறக்கவா, இதையே மாற்றவா?

கணக்குப்பிள்ளை:

இதையே மாற்றுவது சுலபம். ஆதாரில் பெயரைத் திருத்திய பிறகு போங்கள், அதற்கு முன் போனால் இரண்டு தடவை அலைய வேண்டும். கேஒய்சி படிவம், ஆதார், பான், இரண்டு போட்டோ. "சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றவும்" என்று தனியாக ஒரு கடிதம் எழுதி, நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் பாஸ்புக்கை அச்சடித்து, கணக்கு வகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மைஆதார் பக்கத்தில் வங்கி இணைப்பு இன்னும் செயலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மாற்றும்போது சில சமயம் அது அறுந்துவிடும்.